எட்டு மாதமாகப் பிரஷைத் தொடவில்லை: வரைய வேண்டிய பொருள் எங்கிருந்து வருகிறது?

கரிக்கோடு | ஞாயிறு, இரவு 10.15

எல்லோருக்கும் வணக்கம். பகலில் ஒரு பின்னலாடைக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். இரவிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வரைவேன், அக்ரிலிக். ஒன்பது வருடமாக இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. போன ஆடி மாதத்துக்கு அப்புறம் ஒரு படம்கூட முடிக்கவில்லை.

நேரம் இல்லை என்று சொல்ல முடியாது. உட்கார்கிறேன், வெள்ளைக் கேன்வாஸைப் பார்க்கிறேன், எதை வரைவது என்று தெரியாமல் எழுந்துவிடுகிறேன். புது இடங்களுக்குப் போனால் தானாக வரும் என்று நண்பர்கள் சொன்னார்கள். மாமல்லபுரம் போனேன், கொடைக்கானல் போனேன். போனில் அறுநூறு படம் எடுத்து வந்தேன். அதில் ஒன்றை வைத்துக்கொண்டு ஆரம்பித்தால் பாதியில் கை நின்றுவிடுகிறது. யாரோ எடுத்த காலண்டர் படத்தை நகலெடுப்பது போலத் தோன்றுகிறது.

பெரிய ஓவியர்களுக்கு அந்த உந்துதல் எங்கிருந்து வந்தது? காலையில் எழுந்து அவர்கள் என்னதான் செய்தார்கள்? "உள்ளேயிருந்து வரும்" என்கிற மாதிரிப் பதில்களை நிறையப் படித்துவிட்டேன். ஒரு மனிதர் எப்படி வேலை செய்தார் என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்ததைச் சொல்லுங்கள். ரொம்ப உதவியாக இருக்கும்.

காவிரிக்கரை | திங்கள், காலை 6.20

தம்பி, உங்கள் பதிவை நேற்றிரவே படித்துவிட்டேன். போனில் தட்டச்சு செய்ய எனக்கு நேரமாகும், அதனால் விடிந்ததும் எழுதுகிறேன். முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன்.

ஒரே ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஜார்ஜோ மொராண்டி. இத்தாலியில் பொலோன்யா என்ற நகரத்துக்காரர். 1890-ல் அங்கே பிறந்து 1964-ல் அங்கேயே இறந்தார். சுமார் 1,350 எண்ணெய் வண்ண ஓவியங்களும் 133 எச்சிங்குகளும் (உலோகத் தகட்டில் கோடு கீறி, அமிலத்தால் அரிக்க வைத்து எடுக்கும் அச்சுப் படங்கள்) செய்திருக்கிறார். கொஞ்சம் நிலக்காட்சி, கொஞ்சம் பூ. மற்றதெல்லாம் பாட்டில், ஜாடி, கிண்ணம், தகர டப்பா. அதுவும் புதிது புதிதாக இல்லை. அதே பாட்டில்கள் வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப வரும். வெள்ளையாக, நீண்ட கழுத்தோடு, உடம்பெல்லாம் வரி ஓடிய ஒரு பாட்டில் உண்டு. அவருடைய படங்களில் ஒரு இருபதைப் பார்த்தால் அதை வீட்டு மனிதரை அடையாளம் காண்பது போலக் கண்டுகொள்வீர்கள்.

படுக்கும் அறைதான் வரையும் அறை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வியா ஃபொண்டாட்சா என்ற தெருவில், அம்மாவோடும் மூன்று தங்கைகளோடும் இருந்தார். தங்கைகளின் அறையைக் கடந்துதான் இவர் அறைக்குப் போக முடியும். உள்ளே ஒற்றைக் கட்டில், கேன்வாஸை நிறுத்தும் தாங்கி, மேசைகள், அலமாரியிலும் தரையிலும் பாத்திரங்கள்.

1914 முதல் பதினைந்து வருடம் போல ஆரம்பப் பள்ளிகளில் ஓவியம் சொல்லிக் கொடுத்திருக்கிறார். இதை முதலில் படித்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா! அப்புறம் 1930 முதல் 1956 வரை, தான் படித்த கலைக் கல்லூரியிலேயே எச்சிங் பேராசிரியர். உங்களைப் போல வேலைக்குப் போய்க்கொண்டே வரைந்தவர்தான்.

சரி, காலையில் எழுந்து என்ன செய்தார் என்று கேட்டீர்கள். பழைய சாமான் விற்கும் இடங்களில் பாட்டில்களும் டப்பாக்களும் வாங்கி வருவார். லேபிள் இருந்தால் உரித்துவிடுவார். கண்ணாடி என்றால் பளபளக்கும், பின்னால் இருப்பதும் தெரியும். அது அவருக்கு வேண்டாம். சில பாட்டில்களுக்கு உள்ளே வண்ணத்தை ஊற்றிவிடுவார், சிலவற்றுக்கு மேலேயே பூசிவிடுவார். அப்புறம் அலமாரியில் வைத்துவிடுவார். தூசு படியும், துடைக்க மாட்டார். தூசு படியப் படியப் பளபளப்பு அடங்கி, கண்ணாடியும் தகரமும் பீங்கானும் ஒரே குடும்பம் போல ஆகிவிடும்.

வெவ்வேறு உயரத்தில் பலகைகள் வைத்திருந்தார். மேலேயிருந்து பார்த்தால் ஒரு படம், கண் மட்டத்தில் பார்த்தால் வேறு படம். பலகையில் காகிதம் விரித்து, பொருளை வைத்து, அதன் அடியைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக்கொள்வார். நகர்த்தினால் இன்னொரு கோடு. அந்தக் காகிதங்கள் இன்றும் இருக்கின்றன, வட்டத்தின் மேல் வட்டமாக. இப்படி நகர்த்தி நகர்த்திப் பார்ப்பதற்கே நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் ஆகும். தீட்டுவது கடைசியில்தான், அது சீக்கிரம் முடிந்துவிடும்.

உந்துதல் வரட்டும் என்று அவர் காத்திருந்ததாக எனக்குத் தோன்றவில்லை தம்பி. எடுத்து வைத்து, தள்ளி வைத்து, மறுபடி எடுத்து வைத்துக்கொண்டிருந்த நேரத்தில் எங்கேயோ அது வந்து சேர்ந்திருக்கிறது.

நீலச்சுருள் | திங்கள், மதியம் 1.40

ஐயா, உங்கள் பதிவைப் படித்ததும் மொராண்டியின் படங்களைத் தேடிப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், முதல் அரை மணி நேரம் ஒன்றுமே பிடிபடவில்லை. எல்லாம் ஒரே சாம்பல், ஒரே பழுப்பு. நான் விளம்பரப் படங்கள் வரைகிற வேலையில் இருக்கிறேன். ஒரு நொடியில் கண்ணைப் பிடித்து இழுக்க வேண்டும் என்று பழகிய கை, பழகிய கண்.

அப்புறம் இரண்டு படங்களைத் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஏறக்குறைய அதே பொருட்கள். ஒன்றில் பாட்டிலுக்கும் டப்பாவுக்கும் நடுவே மெல்லிய சந்து இருக்கிறது. மற்றதில் இரண்டும் ஒட்டி நிற்கின்றன, டப்பாவின் மேல் விளிம்பு பின்னாலிருக்கும் மேசை விளிம்போடு சரியாக ஒரே கோட்டில் போய்ச் சேருகிறது. அதனால் எது முன்னால், எது பின்னால் என்று கண்ணுக்குக் குழம்புகிறது. ஒன்றில் அந்தச் சந்துதான் படத்தின் நடுநாயகம் என்று தோன்றியது. பொருளை விட்டுவிட்டு இடைவெளியையே வரைந்த மாதிரி. இப்போது அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

எனக்கு ஒரு சந்தேகம். அவருக்குச் சலிக்கவே இல்லையா?

காவிரிக்கரை | திங்கள், மாலை 5.05

சந்தைச் சரியாகப் பிடித்துவிட்டாயம்மா. என் மாணவர்களில் பலருக்கு அதைக் காட்ட ஒரு வருடம் ஆகும்.

சலிப்பு பற்றி அவர் எங்கே என்ன சொன்னார் என்று எனக்குத் தெரிந்ததை வைத்துச் சொல்வதைவிட, அவர் ஒரு பேட்டியில் சொன்ன ஒரு கருத்தைச் சொல்கிறேன். நாம் கண்ணால் பார்க்கிற இந்த உலகத்தைவிட அருவமானது, இதைவிட நிஜமில்லாதது வேறு எதுவும் இல்லை என்று நம்புவதாகச் சொன்னார். அப்படி நம்புகிறவருக்கு ஒரு ஜாடி எப்படித் தீரும்? நேற்று பார்த்த ஜாடி இன்று காலை மேகம் போட்ட வெளிச்சத்தில் அங்கே இல்லை, வேறு ஒன்றுதான் உட்கார்ந்திருக்கிறது.

பூ வரைந்ததைச் சொன்னேன் அல்லவா, அதில் பலவும் காய்ந்த பூ, பட்டுத் துணியில் செய்த பூ. உயிருள்ள பூ இரண்டு நாளில் தலை சாய்ந்துவிடும். அவருடைய வேகத்துக்கு அது காத்திருக்காது.

எரிதழல் | திங்கள், இரவு 9.30

மரியாதையோடு ஒரு மாற்றுக் கருத்து. பேசப்படுகிற மனிதர் வாழ்ந்த காலத்தைக் கொஞ்சம் பாருங்கள். இரண்டு உலகப் போர். நடுவே இருபது வருடம் முசோலினி. பக்கத்து ஊர்களில் மனிதர்கள் செத்துக்கொண்டிருந்தபோது ஒருவர் அறைக்குள் பாட்டிலை அரை விரல் நகர்த்திக்கொண்டிருந்தார் என்பதை நான் எப்படி எடுத்துக்கொள்வது? 1928-ல் ஒரு பாசிசப் பத்திரிகையில் வந்த தன்வரலாற்றுக் குறிப்பில், அந்த இயக்கத்தின் மேல் தனக்கு நம்பிக்கை இருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். அதையும் சேர்த்துத்தான் அவரைப் பார்க்க வேண்டும்.

என்னைப் பொறுத்தவரை ஓவியனுக்கு உந்துதல் தெருவிலிருந்து வர வேண்டும். கரிக்கோடு, உங்கள் பின்னலாடை ஊரில் இரவு ஷிப்ட் முடிந்து தூங்கி வழிந்துகொண்டு பஸ் ஏறும் முகங்கள் இருக்கின்றன. சாயம் கலந்து ஓடும் நொய்யல் இருக்கிறது. வரைய ஒன்றும் இல்லை என்று அந்த ஊரில் இருந்துகொண்டு சொல்லலாமா? உங்களைக் குறை சொல்லவில்லை, ஆதங்கத்தில் கேட்கிறேன்.

பனைநிழல் | செவ்வாய், அதிகாலை 2.10

வணக்கம். நான் இத்தாலியில், பலெர்மோவில் இருபத்திரண்டு வருசமாக இருக்கிறேன். சொந்த இடம் யாழ்ப்பாணப் பக்கம். எனக்கு ஓவியம் கீறத் தெரியாது, உங்கள் இழைகளை வாசிப்பதோடு சரி. பொலோன்யா என்ற பெயரைக் கண்டதும் எழுத வேணும் போல இருந்தது.

மகள் அங்கே படிக்கிறாள். அவளைப் பார்க்கப் போன நேரம், "அப்பா, ஒரு ஓவியரின் வீடு இருக்கு, வாங்கோ" என்று கூட்டிக்கொண்டு போனாள். வியா ஃபொண்டாட்சா வீடு இப்போது நினைவில்லம். முதலில் அந்த நகரத்தைப் பற்றிச் சொல்ல வேணும். தெருவெல்லாம் வளைவு வைத்த நடைபாதைகள், மழை வந்தாலும் நனையாமல் நடக்கலாம். சுவர்கள் செங்காவி, மங்கின மஞ்சள், வெயிலில் வெளிறின இளஞ்சிவப்பு. அப்படியே நடந்து வந்து நவீன கலை அருங்காட்சியகத்துக்குள் போய் அவருடைய படங்களைப் பார்த்தால், வெளியே இருந்த அதே சுவர் நிறங்கள். போத்தல்கள் கிட்டக் கிட்ட நிற்கிற விதமும் அந்த ஊர்க் கட்டடங்கள் தோளோடு தோள் ஒட்டி நிற்கிற மாதிரியே இருந்தது. இது என் கண்ணுக்குப் பட்டது மட்டும்தான், படித்தவர்கள் என்ன சொல்வார்களோ.

எரிதழல், நீங்கள் சொன்ன 1928 சங்கதி உண்மைதான். அதோடு இதையும் சேருங்கள். 1943-ல் பாசிச எதிர்ப்பாளர்களோடு பழக்கம் என்று அவரைப் பிடித்துச் சில நாட்கள் சிறையில் வைத்தார்கள். அதற்குப் பிறகு குடும்பத்தோடு கிரிட்சானா என்ற மலைக் கிராமத்துக்கு இடம்பெயர்ந்து போனார். கோடைக்கு வழக்கமாகப் போகிற கிராமம்தான், இப்போது அந்த ஊரின் பெயரே கிரிட்சானா மொராண்டி. 1944 இலையுதிர் காலத்தில் அந்த மலைப் பக்கத்தில், மொன்தே சோலேயில், ஜெர்மன் படைகள் 770 பேரைக் கொன்றார்கள். பெரும்பாலும் பெண்கள், பிள்ளைகள், வயோதிபர்கள். ஆகவே போர் அவருடைய வீட்டு வாசலுக்கு வராமல் இல்லை.

இனி என் கதை. 1995-ல் நாங்கள் வீட்டை விட்டு வெளிக்கிட்ட இரவு, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு நடந்தோம். அந்த இரவில் எனக்கு இன்று வரைக்கும் மறக்காதது சத்தமோ நெருப்போ இல்லை. குசினித் தட்டில் அம்மா வரிசையாக அடுக்கி வைத்திருந்த போத்தல்கள். நல்லெண்ணெய்ப் போத்தல், தேன் போத்தல், மூடி இல்லாத ஒரு பிஸ்கட் தகரம். திரும்பிப் பார்த்தபோது அவை அங்கேயே நின்றன. வீட்டில் ஒருவரும் இல்லை, அவை மட்டும் நின்றன.

மொராண்டியின் போர்க்காலப் படம் ஒன்றுக்கு முன்னால் நான் நிறைய நேரம் நின்றேன். மகள் என்னப்பா என்று கேட்டாள். எனக்கு விளங்கப்படுத்தத் தெரியவில்லை. அவர் போரைக் கீறவில்லை என்று எனக்குச் சொல்ல வராது.

எரிதழல் | செவ்வாய், காலை 8.45

அண்ணா, உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன். 1943 கைது எனக்குத் தெரியாது. தட்டில் நின்ற அந்தப் போத்தல்களை எனக்கும் இனி மறக்க முடியாது. தெருவை வரைய வேண்டும் என்ற என் கருத்து அப்படியேதான் இருக்கிறது. ஆனால் சமையலறைத் தட்டைத் தெருவுக்கு வெளியே வைத்துப் பேசியது என் பிழை.

வயல்வரப்பு | செவ்வாய், இரவு 8.00

கரிக்கோடு நண்பரே, போன் படத்தைப் பார்த்து வரைந்தால் நகலெடுப்பது போலிருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அங்கேதான் நின்றது மனசு. நகலெடுப்பது தப்பு என்று நமக்கு யார் சொன்னார்கள்?

டச்சு ஓவியர் வான்கா 1889 மே மாதம், பிரான்சில் சான்ரெமி மனநலக் காப்பகத்தில் சேர்ந்தார். அங்கே இருந்த ஒரு வருடத்தில் சில காலம் வெளியே போக முடியாத நிலை, முன்னால் உட்கார்ந்து காட்ட ஆள் இல்லை. தம்பி தியோ அனுப்பிய அச்சுப் படங்களை எடுத்து வைத்துக்கொண்டார். பெரும்பாலும் மியே என்ற பிரெஞ்சு ஓவியரின் படங்கள்: கதிர் அறுப்பவர், கட்டுக் கட்டுபவர், ஆட்டு ரோமம் கத்தரிப்பவர், விதைப்பவர். இப்படி மியேவை வைத்து மட்டும் இருபது படம் போல வரைந்தார்.

முக்கியமான விஷயம், அந்த அச்சுகள் கறுப்பு வெள்ளை. வண்ணம் முழுவதும் வான்காவே போட வேண்டியிருந்தது. இதைத் தம்பிக்கு எழுதிய கடிதத்தில் இசையோடு ஒப்பிடுகிறார்: ஒருவர் பேத்தோவனை வாசித்தால் தன் சொந்த விளக்கத்தையும் அதில் சேர்க்கிறார் அல்லவா, அதுபோலத்தான் இது என்கிறார். நம் ஊரில் ஒரு கீர்த்தனையை நூறு பேர் பாடுகிறார்கள், யாரும் அதை நகல் என்பதில்லை. அவர் சொன்னது நமக்கு இன்னும் எளிதாகப் புரியும்.

அவருடைய நகல்களுக்கும் உங்கள் நகலுக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்தேன். போன் படம் எல்லாவற்றையும் கொடுத்துவிடுகிறது. நிறம், விளிம்பு, ஒவ்வொரு இலை. உங்களுக்கு அதில் போட ஒன்றும் மிச்சமில்லை. அந்த அறுநூறில் ஒன்றை எடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றி, உள்ளங்கை அளவுக்கு அச்செடுத்து, மூலத்தை அழித்துவிட்டு வரைந்து பாருங்களேன். நான் செய்து பார்த்திருக்கிறேன், கை நிற்காது.

காவிரிக்கரை | புதன், காலை 6.00

வயல்வரப்பு எழுதியது என்னை வேறொரு இடத்துக்குக் கொண்டுபோனது. மொராண்டிக்கும் இதே கறுப்பு வெள்ளைக் கதை உண்டு.

அவருடைய ஆசான் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் செசான். பிரான்சுக்காரர். 1909 வாக்கில், கல்லூரி மாணவராக இருந்தபோது, பிரெஞ்சு ஓவியர்களைப் பற்றிய ஒரு இத்தாலியப் புத்தகத்தில்தான் செசானை முதலில் பார்த்தார். கறுப்பு வெள்ளை அச்சு, அந்தக் காலத்துத் தரம். வண்ணத்துக்காகக் கொண்டாடப்படுகிற ஒருவரை வண்ணமே இல்லாமல் சந்தித்திருக்கிறார். ஆனால் கட்டமைப்பு தெரிந்திருக்கும்: எது எதைத் தாங்குகிறது, எங்கே கனம், எங்கே வெளிச்சம். 1914-ல் ரோமில் ஒரு கண்காட்சியில் செசானின் நீர்வண்ணங்களை நேரில் பார்த்தார். முதன்முதலாக இத்தாலியை விட்டு வெளியே காலடி வைத்தது 1956-ல், அறுபத்தாறு வயதில், சுவிட்சர்லாந்துக்கு. உலகத்தைச் சுற்றி வந்துதான் வரைய வேண்டும் என்றால் இவர் ஒன்றும் வரைந்திருக்கவே முடியாது.

1910-ல் ஃபிளாரன்ஸ் போய், ஜோத்தோ, மசாச்சோ என்ற பழைய இத்தாலிய ஓவியர்களின் சுவரோவியங்களைப் பார்த்தார். அதே வழியில் வந்த பியரோ தெல்லா ஃபிரான்செஸ்காவும் அவருக்கு மிகப் பிடித்தவர். அறுநூறு, ஐந்நூறு வருடப் பழமை. அந்தச் சுவர்களில் நிற்கும் ஆட்கள் அசைவில்லாமல், மங்கிய சுண்ணாம்பு வண்ணத்தில், பக்கத்தில் நிற்பவரைப் பார்க்காமல் நிற்பார்கள். தலையை எடுத்துவிட்டுப் பாருங்கள், மொராண்டியின் பாட்டில்கள்! எச்சிங்கையும் பழைய கையேடுகளைப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டார், ரெம்பிராண்டின் அச்சுகளை நுணுகிப் பார்த்தார். வண்ணம் ஒன்றும் இல்லாமல், குறுக்கும் நெடுக்குமான கோட்டின் நெருக்கத்தை மட்டும் வைத்துப் பத்து வகைச் சாம்பலைக் கொண்டுவருவார்.

நம் பக்கத்திலிருந்தும் ஒன்று சொல்லிவிடுகிறேன், கரிக்கோடு கணக்கு எழுதுகிறவர் என்பதால். சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், 1963-ல் "சொற்களும் குறியீடுகளும்" என்ற வரிசையைத் தொடங்கினார். படமெங்கும் எழுத்து, எண், ஜாதகக் கட்டம், கோடு. அந்த எண்ணத்தைக் கிளப்பியது ஒரு மாணவரின் கணக்கு நோட்டுப் பக்கம் என்பார்கள். அதற்கு முன்னால் எத்தனையோ ஆயிரம் பேர் கணக்கு நோட்டைப் பார்த்திருக்கிறார்கள். அவர் முப்பது வருடம் வரைந்துவிட்டுப் பார்த்தார்.

தம்பி, ஒரு வேலை கொடுக்கிறேன், செய்வீர்களா? வீட்டிலிருந்து மூன்றே மூன்று பொருள். ஜன்னல் பக்கம் ஒரு பலகை. ஒரு வாரம் வரையக் கூடாது, நகர்த்த மட்டும் செய்யுங்கள். காகிதம் விரித்துக் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

கரிக்கோடு | புதன், இரவு 11.20

செய்கிறேன் ஐயா. எல்லோருக்கும் நன்றி. பனைநிழல் அண்ணா, உங்கள் பதிவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை, எழுந்துபோய் எங்கள் சமையலறை அலமாரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

நீலச்சுருள் | வியாழன், மதியம் 2.15

நேற்று பிரெஞ்சு ஓவியர் மோனேயின் வைக்கோல் போர் ஓவியங்களைப் பார்த்தேன். 1890 அறுவடைக்கு அப்புறம் வீட்டுக்குப் பக்கத்து வயலில் ஆரம்பித்தார். வெளிச்சம் மாற மாற ஒரு கேன்வாஸை வைத்துவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டியிருந்ததால், வளர்ப்பு மகள் வீட்டிலிருந்து கேன்வாஸ்களைக் கொண்டுவந்து கொடுத்தாராம். 1891 மே மாதம் பாரிசில் அதில் பதினைந்தை ஒன்றாகக் காட்சிக்கு வைத்தார்கள். அங்கே பொருள் அசையாமல் நிற்க வெளிச்சம் ஓடுகிறது. மொராண்டி வெளிச்சத்தைக் கட்டிப்போட்டுவிட்டுப் பொருளை நகர்த்துகிறார். என் வேலை மேசையில் இப்போது ஒரு மை பாட்டிலும் அழிப்பானும் நாலு நாளாக இடம் மாறிக்கொண்டிருக்கின்றன.

கரிக்கோடு | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 6.40

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எடுத்த பொருட்கள்: எவர்சில்வர் டம்ளர், பாட்டி காலத்து ஊறுகாய் ஜாடி (மேலே பழுப்பு, கீழே வெள்ளை), ஒரு பித்தளைச் செம்பு. முதல் மூன்று நாள் டம்ளரால் தொல்லை. டியூப்லைட், ஜன்னல் கம்பி, என் சட்டை எல்லாம் அதில் தெரிகின்றன. ஜாடியைப் பார்க்கவே விடவில்லை. அப்போதுதான் மொராண்டி ஏன் பாட்டிலுக்கு வண்ணம் பூசினார் என்று புரிந்தது. ஒரு பழைய டம்ளரை எடுத்து மேலே மங்கல் வெள்ளை அடித்தேன். காய்ந்ததும் அது டம்ளராகவே இல்லை, ஒரு சின்னத் தூண் மாதிரி ஆகிவிட்டது. ஜாடி சட்டென்று பெரிதாகத் தெரிந்தது.

முதல் வாரம் ஐயா சொன்னபடி பிரஷைத் தொடவில்லை. தினமும் ராத்திரி வேலையிலிருந்து வந்து சாப்பிட்டுவிட்டு அரை மணி நேரம் நகர்த்துவேன். ராத்திரி விளக்கில் நன்றாக இருந்தது காலை வெளிச்சத்தில் உதவாமல் போனது. அதனால் ஐந்தரைக்கு எழ ஆரம்பித்தேன். ஜன்னலுக்கு ஒரு பழைய வெள்ளை வேட்டியைக் கட்டினேன், வெளிச்சம் பரவி வந்தது. கம்பெனியிலிருந்து கொண்டுவந்த பழைய பேரேட்டுத் தாளைத்தான் பலகையில் விரித்திருந்தேன். பற்று, வரவு என்று அச்சடித்த கட்டங்களின் மேல் பென்சில் வட்டம் பதினேழு.

எட்டாம் நாள் சாயங்காலம் வந்து பார்த்தால் ஜாடியைக் காணோம். மாங்காய் சீசன், அம்மா அதை எடுத்துத் தேய்த்துக் கழுவி உப்பில் மாங்காய் போட்டு வைத்துவிட்டார். படிந்திருந்த தூசியெல்லாம் போச்சு. எனக்கு ஒரு நிமிடம் அழுகையே வந்துவிட்டது. அம்மா பதறிப்போய், மாங்காயை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, ஜாடியைத் துடைத்துக் கொண்டுவந்து, பேரேட்டில் இருந்த வட்டத்தைப் பார்த்து, சரியாக அதன் மேலேயே வைத்தார். "இந்த வட்டமா, அந்த வட்டமா?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் என் படத்தைப் பற்றி யாரும் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

இரண்டு படம் முடித்திருக்கிறேன். சின்னது, பத்துக்குப் பன்னிரண்டு அங்குலம். முதலாவது நன்றாக வரவில்லை. இரண்டாவதில் ஜாடியின் வெள்ளையும் டம்ளரின் வெள்ளையும் தொடும் இடத்தில் கோடே போடவில்லை, நிறத்தை மட்டும் கொஞ்சம் மாற்றினேன். அந்த ஒரு அங்குலம் எனக்குப் பிடித்திருக்கிறது. படத்தைக் கீழே இணைத்திருக்கிறேன். எங்கே உதைக்கிறது என்று சொல்லுங்கள்.

எரிதழல் | ஞாயிறு, இரவு 7.30

ஜாடியின் அடியில் பேரேட்டுக் கட்டங்கள் மெல்லிசாகத் தெரிகின்றன. அதை வேண்டுமென்றே விட்டீர்களா? அங்கே உங்கள் ஊர் இருக்கிறது, உங்கள் வேலை இருக்கிறது. தயவுசெய்து அடுத்த படத்தில் அதை மூடிவிடாதீர்கள்.

பனைநிழல் | ஞாயிறு, இரவு 11.50

தம்பி, ஊறுகாய் ஜாடி எங்கள் வீட்டிலும் இதே பழுப்பு, இதே வெள்ளை. மகளுக்கு அனுப்பினேன். அம்மாவுக்கு என் வணக்கம் சொல்லுங்கோ.

காவிரிக்கரை | திங்கள், காலை 5.50

பார்த்தேன் தம்பி. நீங்கள் சொன்ன அந்த ஒரு அங்குலம் நன்றாகவே வந்திருக்கிறது. செம்புதான் உதைக்கிறது. அதன் வாய் விளிம்பும் ஜாடியின் தோளும் ஒரே உயரத்தில் வந்து முட்டிக்கொள்கின்றன, இரண்டில் எது முன்னால் என்று நீங்களே முடிவு செய்யாமல் தீட்டியிருக்கிறீர்கள். செம்பை ஒரு விரற்கடை பின்னால் தள்ளுங்கள். கோடு போட்டுக்கொள்ள மறக்க வேண்டாம்.

கரிக்கோடு | திங்கள், காலை 6.25

தள்ளினேன் ஐயா. ஜாடிக்கும் செம்புக்கும் நடுவே இப்போது ஒரு சந்து விழுந்திருக்கிறது, மேலே அகலம், கீழே கத்தி முனை போல. அதற்குள் நிழல் கறுப்பாக இல்லை, ஒரு மாதிரி பச்சை கலந்த சாம்பலாக இருக்கிறது. பித்தளையின் நிறம் அங்கே போய் விழுகிறது என்று நினைக்கிறேன். வேலைக்குக் கிளம்ப இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது, அந்தச் சாம்பலைக் கலந்து பார்க்கிறேன்.